கிறுக்கலும் மனத்திடமும்: மழலையரின் ஓவிய விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் விளையாட்டுக் குழு ஒன்றை நடத்திவருகிறேன். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் பெற்றோருக்குச் சந்தேகங்கள் வரும். கதவருகே நின்று கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. இரண்டு வயதுக் குழந்தைக்கு மீள்திறன், மனத்திடம் என்றெல்லாம் பேசுவது கொஞ்சம் அதிகமில்லையா?

சொல்தான் பெரியது, விஷயம் சிறியது. நினைத்தது நடக்காதபோது குழந்தை கலங்குகிறது. கொஞ்ச நேரத்தில் தேறுகிறது. மறுபடி அதே காரியத்துக்குக் கையை நீட்டுகிறது. இந்த வயதில் மீள்திறன் என்பது இவ்வளவுதான். அழவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. அழுதுவிட்டுத் திரும்பி வந்தால் போதும்.

இதைப் பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாக நிலைபெற்றார். இயல்பான குணத்துக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் அவர்களுடைய வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டவர், நம்பிப் பற்றிக்கொள்ள அருகில் இருந்த ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் எப்போது கை கொடுக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி.

2. அதற்கு ஏன் ஓவியம்? ஓடியாடி விளையாடினால் போதாதா?

போதும். மணல், கட்டைகள், தண்ணீர் எல்லாமே இதைச் செய்யும். ஓவியம் வரைந்தால் மனத்திடம் வந்துவிடும் என்று யாராவது உறுதி அளித்தால் நம்பாதீர்கள்.

இருந்தாலும் ஓவிய விளையாட்டில் ஒரு வசதி உண்டு. கால் மணி நேரத்துக்குள் பத்துச் சின்ன ஏமாற்றங்கள் வரும், நாம் பக்கத்தில் இருந்தால் ஒன்றுகூட ஆபத்தானதல்ல. கிரேயான் உடையும், தாள் நழுவும், நீலமும் மஞ்சளும் கலந்து கேட்காமலே பச்சையாகிவிடும், ஒட்டியது கழன்றுவிடும். ஒவ்வொன்றிலும் குழந்தை ஒரு முறை கலங்கி ஒரு முறை தேறுகிறது. தவிர, சரியான விடை என்று ஒன்று இல்லாத வேலை இது. புதிர்ப் பலகையில் துண்டு பொருந்தாவிட்டால் பொருந்தவில்லைதான். கோடு வளைந்து போனால் அது வளைந்த கோடு, அவ்வளவே.

3. எந்த வயதில் தொடங்கலாம்? என் மகனுக்கு ஒன்றேகால் வயது. தாளைக் கசக்குவதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை.

கசக்குவதும் தொடக்கம்தான். தாள் சத்தம் போடுகிறது, உருமாறுகிறது, கிழிகிறது. தன் கையால் உலகத்தில் ஒரு மாற்றம் நடப்பதை அவன் பார்க்கிறான். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் கிரேயானை முழு முஷ்டியால் பிடித்துத் தோளிலிருந்து வீசிக் கிறுக்கத் தொடங்குவார்கள். இரண்டு வயதை ஒட்டி நெடுக்குக் கோட்டைப் பார்த்துப் போட வரும். மூன்றை ஒட்டி வட்டம் மூடும். முன்பின் ஆகலாம்.

கிறுக்கல் என்றால் வெறும் கிறுக்கல் இல்லை. குழந்தைகளின் படங்களை ஏராளமாகச் சேர்த்து ஆராய்ந்த ரோடா கெல்லாக், கிறுக்கலில் மட்டும் 20 அடிப்படை வகைகளைப் பிரித்துக் காட்டினார். புள்ளி, குறுக்குக் கோடு, சுருள் என்று போகும் அந்தப் பட்டியல். உங்கள் வீட்டுத் தாள்களை அடுக்கி வைத்துப் பாருங்கள், பாதியாவது கண்ணில் படும்.

4. என்னென்ன வாங்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். தடித்த கிரேயான், பயன்படுத்திய தாளின் வெற்றுப் பக்கம், பழைய அட்டைப்பெட்டி, அகலமான பிரஷ், ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பிரஷைத் தண்ணீரில் தோய்த்துச் சிமெண்டுத் தரையில் வரையவிடுங்கள். வரைந்தது காய்ந்து மறையும், மறுபடி வரையலாம். இழப்பை இதைவிட மென்மையாகக் கற்றுத்தரும் பொருளை நான் பார்க்கவில்லை.

வாங்குவதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தாளின் நான்கு மூலைகளிலும் டேப் ஒட்டித் தரையிலோ மேசையிலோ பதித்துவிடுங்கள். நழுவும் தாளோடு மல்லுக்கட்டுவதிலேயே பல குழந்தைகளின் பொறுமை தீர்ந்துவிடுகிறது. எல்லாத் தடையும் பயனுள்ள தடை இல்லை. குழந்தையால் சமாளிக்க முடியாததை முன்கூட்டியே அகற்றுவது செல்லம் கொடுப்பதாகாது.

5. எது கொடுத்தாலும் வாயில் வைக்கிறான். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆகவே கூடவே உட்காருங்கள். 3.2 செ.மீ. அகலமும், அடி சாய்வாக இருப்பதால் ஒரு பக்கம் ஏறத்தாழ 2.5, மறுபக்கம் 5.7 செ.மீ. ஆழமும் கொண்ட ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கும் பொருள் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் வைத்திருக்கும் அளவு அது. உடைந்த கிரேயான் துண்டு, பேனா மூடி, மணி, பொத்தான் எல்லாம் இதில் அடங்கும். சிறு துண்டுக் கிரேயான் விரல்பிடியை நன்றாக்கும் என்று சொல்வார்கள். அது வாயில் வைக்கும் பழக்கம் விட்ட பிறகு.

நச்சற்றது என்று குறிப்பிட்ட வண்ணங்களையே வாங்குங்கள். அதற்காக அவை தின்பதற்குரியவை ஆகிவிடாது. வீட்டில் பிசையும் விளையாட்டு மாவிலும் எச்சரிக்கை வேண்டும். பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். கெட்டியாக உப்புச் சேர்த்த மாவைக் கூடுதலாக விழுங்கினால் உடலில் உப்பு ஏறிவிடும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும்.

6. ஆசையாக எல்லாம் எடுத்து வைக்கிறேன். இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறாள்.

இரண்டு நிமிடம் என்பது இந்த வயதில் ஒரு முழுப் பொழுது. எடுத்து வைத்ததை உடனே அள்ளிவிடாமல் அப்படியே விடுங்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவாள். அப்படித் தானாக வருவது, கட்டாயப்படுத்தி உட்கார வைத்த இருபது நிமிடங்களைவிட மேல்.

7. கிரேயான் உடைந்தாலோ தாள் கிழிந்தாலோ கதறுகிறாள். உடனே சரிசெய்து கொடுப்பதில் என்ன தவறு?

தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சில நொடிகளில்தான் நாம் தேடும் விஷயமே இருக்கிறது. கவனித்துப் பாருங்கள். கிரேயான் 'டக்'கென்று முறிகிறது. குழந்தை முதலில் அழுவதில்லை. கையில் இருக்கும் பாதியைப் பார்க்கிறது, கீழே கிடக்கும் பாதியைப் பார்க்கிறது, பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறது. இது பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று கேட்கும் பார்வை அது. அந்த நேரத்தில் நீங்கள் "ஐயையோ!" என்று பதறினால் பெரிய விஷயம் ஆகிவிடும். "உடைந்துவிட்டதா, இப்போது இரண்டு இருக்கிறது" என்று சாதாரணக் குரலில் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அப்படியும் அழுதால், முதலில் நடந்ததைச் சொல்லுங்கள்: "தாள் கிழிந்துவிட்டது, உனக்குக் கோபம்." அடுத்து கொஞ்சம் காத்திருங்கள். பிறகு உதவியைச் சின்னச் சின்ன அளவாக இறக்குங்கள். டேப் சுருளை அருகில் வைக்கலாம். நகரவில்லையென்றால் ஒரு துண்டைக் கிழித்து விரல் நுனியில் ஒட்டிக் கொடுக்கலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கிழிந்த இரண்டு ஓரங்களையும் நீங்கள் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம், அழுத்துவது மட்டும் அவள் வேலை. கடைசி அழுத்தம் அவளுடைய விரலால் நடக்கட்டும். ஒட்டு கோணலாகத்தான் இருக்கும், அதை நேராக்கப் போகாதீர்கள்.

உளவியலாளர்கள் டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் இந்த ஏறி இறங்கும் உதவிக்குச் 'சாரம்' என்று பெயர் வைத்தார்கள், கட்டடம் எழும்பும்போது கட்டிப் பிறகு பிரித்துவிடும் அதே சாரம். இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சோதித்திருக்கிறார்கள். ஜூலியா லெனார்டு குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான புதிரைப் பெரியவர் பிடுங்கித் தானே முடித்துவிட்டபோது, நான்கைந்து வயதுக் குழந்தைகள் அடுத்த வேலையைச் சீக்கிரமே கைவிட்டார்கள்.

8. காத்திருங்கள் என்கிறீர்கள். காத்திருந்தால் அழுகை பெரிதாகிறதே. எவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டா?

கடிகாரக் கணக்கு இல்லை, குழந்தையின் கைதான் கணக்கு. சிணுங்கிக்கொண்டே கை வேலை செய்தால், கண் அந்தப் பொருளின் மேலேயே இருந்தால், இன்னும் முயற்சி நடக்கிறது, விட்டுவிடுங்கள். பொருளை வீசியாயிற்று, உடல் விறைத்துவிட்டது, மூச்சு விம்முகிறது என்றால் அங்கே இனிக் கற்க ஒன்றும் இல்லை. தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள். டேப்பும் தாளும் பிறகு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தனியாக அழவிட்டால் உறுதி வரும் என்று சிலர் இந்த யோசனையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்று, இரண்டு வயதில் தன்னைத் தானே அமைதிப்படுத்தும் திறன் அரைகுறையாகத்தான் இருக்கும். நம் மடியில் பலமுறை அமைதியடைந்துதான் அது முழுமையாகிறது. பசியும் தூக்கமும் சேர்ந்த நேரத்தில் இந்தப் பயிற்சி எதையும் தொடங்கவே வேண்டாம்.

9. "நீ வரை, நீ வரை" என்று கிரேயானை என் கையில் திணிக்கிறாள். வரைந்து கொடுக்கலாமா?

நாம் நன்றாக வரைந்து காட்டினால் குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும், பிறகு தன் கிறுக்கலை ஒதுக்கும். 'என்னால் இப்படி வராது' என்பது இரண்டரை வயதிலேயே எட்டிப்பார்க்கும் எண்ணம். அதற்காக மறுக்கவும் வேண்டாம், அவள் கேட்பது பெரும்பாலும் உங்கள் துணையைத்தான். பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு தாள் எடுத்துக்கொண்டு கோடு, புள்ளி, சுழி என்று அவளால் முடிந்ததையே நீங்களும் போடுங்கள். அல்லது ஒரே தாளில் நீங்கள் ஒரு கோடு, அவள் ஒரு கோடு.

இன்னொன்றும் செய்யலாம், கொஞ்சம் திணறிக் காட்டுங்கள். லெனார்டின் இன்னொரு ஆய்வு, 2017இல் வந்தது. ஒரு டப்பாவைத் திறக்கப் பெரியவர் பாடுபட்டு வெற்றி பெறுவதைப் பார்த்த பதினைந்து மாதக் குழந்தைகள், பிறகு தங்களிடம் தரப்பட்ட, இயங்காத இசைப்பொம்மையின் பொத்தானைக் கூடுதல் தடவை அழுத்திப் பார்த்தார்கள். பெரியவர் சுலபமாகத் திறந்ததைப் பார்த்தவர்கள் அத்தனை முறை முயலவில்லை. ஆகவே பசைக்குப்பி மூடி திறக்காவிட்டால், "வரமாட்டேன் என்கிறதே, இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடிப்பு வேண்டாம். திறக்காத மூடிக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை.

10. "சூப்பர்! அருமை!" என்று கைதட்டுவது நல்லதுதானே?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கைதட்டாமல் இருக்க முடியாதுதான். ஆனால் எதற்குத் தட்டுகிறீர்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. எலிசபெத் கண்டர்சன் குழுவினர் 14, 26, 38 மாத வயதுகளில் குழந்தைகள் வீட்டில் பெற்றோருடன் இருந்ததைப் படமெடுத்து, ஏழெட்டு வயதில் மறுபடி அவர்களைச் சந்தித்தார்கள். 2013இல் முடிவு வந்தது: 'நீ கெட்டிக்காரி' என்பதைவிடச் செய்த முயற்சியைச் சொல்லிப் பாராட்டும் வழக்கம் எவ்வளவு கூடுதலாக இருந்ததோ, அந்த அளவுக்குக் குழந்தைகள் சவாலை விரும்புபவர்களாக இருந்தார்கள். இது தொடர்பு மட்டுமே. பாராட்டுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் "டேப் ஒட்டவில்லை, நீ மறுபடி அழுத்தினாய், ஒட்டிக்கொண்டது" என்று பார்த்ததைச் சொல்வதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

பரிசு வேண்டாம். மார்க் லெப்பரும் சகாக்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைக்கப்பட்ட மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், பிறகு இஷ்டப்படி விளையாட விட்டபோது மற்றவர்களில் பாதியளவு நேரமே வரைந்தார்கள். முன்பு விரும்பிச் செய்ததுதான், கூலிக்கு ஆனதும் சலித்துவிட்டது.

11. "இது என்ன?" என்று கேட்கலாமா?

பெரும்பாலும் அது எதுவும் இல்லை, கை ஓடிய தடம். கேட்டால் நம்மைத் திருப்திப்படுத்த ஒரு பெயர் சொல்வார்கள். "இங்கே சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறதே" என்றால் போதும், சொல்ல இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

12. வண்ணம் தீட்டும் புத்தகம் நல்லதா?

கெடுதல் இல்லை. ஆனால் இரண்டு வயதுக் கைக்கு அந்த எல்லைக்கோடு எட்டாத இலக்கு. வெளியே போய்விட்டது என்று யாராவது சொல்லத் தொடங்கும்போது, 2ஆம் கேள்வியில் சொன்ன 'சரியான விடை இல்லாத வேலை' என்ற நன்மை போய்விடுகிறது. வாங்கியாயிற்று என்றால் பூனைப் படத்தின் மேல் கிறுக்கவிடுங்கள்.

13. பசையோ பெயிண்டோ கையில் பட்டாலே கத்துகிறான். பழக்கிவிட வேண்டுமா?

கையைப் பிடித்து பெயிண்டில் முக்காதீர்கள். அதனால் பயம்தான் பழகும். பிரஷிலிருந்து தொடங்குங்கள். பெயிண்டைத் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் ஊற்றி வாயை டேப்பால் ஒட்டி மேசையில் பதித்தால் வெளியிலிருந்து விரலால் தடவி விளையாடலாம். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ள ஈரத்துணி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த குழந்தை கொஞ்சம் துணிந்து பார்க்கும். ஒரு விரல் நுனி வரை வந்தால் அன்றைக்கு அது போதும்.

சாப்பாட்டின் பல பதங்கள், துணியின் தையல், தலைவாருவது என்று எல்லாவற்றிலும் இதே தவிப்பு இருந்து அன்றாட வாழ்க்கை சிரமமானால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

14. சுவரெல்லாம் கிறுக்கிவிட்டாள். சுதந்திரமாக விட வேண்டும் என்கிறீர்களே?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்ற பழமொழியைக் குழந்தைகள் அப்படியே நம்புகிறார்கள். சுதந்திரம் வேறு, எல்லையின்மை வேறு. "சுவரில் இல்லை, இங்கே" என்று அதே சுவரில் அவள் உயரத்துக்கு ஒட்டிய பெரிய தாளைக் காட்டுங்கள். நின்றுகொண்டு செங்குத்தாக வரைவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சியும்கூட. மறுபடி சுவருக்குப் போனால் கிரேயான் இன்றைக்கு அலமாரிக்குப் போகும். அழுவாள், அழட்டும். நீங்கள் மாறாமல், கோபப்படாமல் பக்கத்தில் இருந்தால், 'வேண்டாம்' என்ற சொல்லைத் தாங்கிக்கொள்ளவும் பழகுவாள். துடைக்கும்போது அவள் கையிலும் ஒரு ஈரத்துணி.

15. பேத்தி எப்போதும் கறுப்பையே எடுக்கிறாள். மனதில் ஏதாவது வருத்தம் இருக்குமோ?

கறுப்பு வெள்ளைத் தாளில் நன்றாகத் தெரிகிறது, பாட்டி. அதனால்தான். இந்த வயதுக் கிறுக்கலின் நிறத்தையோ அழுத்தத்தையோ வைத்து மனதைப் படிக்க முடியாது.

16. டேப்லெட்டில் வரையும் செயலி இருக்கிறதே? அழுக்கும் இல்லை, தொல்லையும் இல்லை.

அந்தத் தொல்லைதான் நமக்கு வேண்டியது. செயலியில் கோடு பிடிக்கவில்லையென்றால் ஒரு தட்டலில் மறைந்துவிடும். கிழிவதில்லை, வழிவதில்லை, ஒட்ட வேண்டியதும் இல்லை. 7ஆம் கேள்வியில் சொன்ன எதுவும் அங்கே நடக்க வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது.

17. வேலை முடிந்து வரும்போது எனக்கே தெம்பு இல்லை. பெயிண்டைக் கொட்டினால் கத்திவிடுகிறேன். எல்லாம் பாழாகிவிட்டதா?

இல்லை. கைக்குழந்தைகளும் தாய்மாரும் நேருக்கு நேர் விளையாடுவதை உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் நுணுக்கமாகப் பதிவு செய்து பார்த்தார். அன்பான இணைகள்கூடப் பாதி நேரத்துக்கும் குறைவாகவே ஒத்துப்போயின. மீதி நேரம் பிசகுவதும் சேர்வதுமாகப் போனது. அந்தச் சேர்தல்தான் குழந்தைக்கு நம்பிக்கை தருகிறது என்பது அவர் வாதம். கத்திய பிறகு உட்கார்ந்து, "அப்பா சத்தம் போட்டுவிட்டேன், வா, சேர்ந்து துடைப்போம்" என்று சொல்லுங்கள். முறிந்தது ஒட்டும் என்று டேப்பால் கற்பது போலவே இதிலும் குழந்தை கற்கும்.

தெம்பு இல்லாத நாளில் பெயிண்டை எடுக்காதீர்கள். தண்ணீரும் பிரஷும் போதும்.

18. தம்பி பிறந்ததிலிருந்து மூத்தவள் சரியாக இல்லை. ஓவியம் உதவுமா?

தினமும் பத்து நிமிடம், அவளோடு மட்டும், அவள் சொல்படி நடக்கும் விளையாட்டாக இருந்தால் உதவும். வீடு மாறுவது, மருத்துவமனை வாசம் போன்ற மாற்றங்களிலும் அப்படித்தான். மாவைக் குத்துவதும் தாளைக் கிழிப்பதும் கோபத்துக்கு ஒரு வடிகால். ஆனால் "தம்பி மேல் கோபமா?" என்று துருவாதீர்கள். இது விளையாட்டு, ஓவிய சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் தனி வேலை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், பெரும் அதிர்ச்சி எதையாவது கண்டிருந்தால், கிரேயானை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

19. எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கிறுக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது. பேசிய சொற்களையோ செய்த வேலைகளையோ இழந்துவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்புவதில்லை என்றால், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். ஓவிய நேரத்தில் மட்டும் கண்ணில் படக்கூடிய ஒன்றும் உண்டு. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி மற்றதை ஒதுக்கியே வைத்திருந்தால், அதை வலக்கை, இடக்கைப் பழக்கம் என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். ஒதுக்கிய கையில் பலவீனம் இருக்கலாம்.

20. பலன் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படம் அழகாகிறதா என்று பார்க்காதீர்கள். கிரேயான் உடைந்தபின் அழுகைக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையிலான நேரம் மெல்லக் குறையும். கேட்காமலே குழந்தை டேப்பைத் தேடிப் போகும். ஒருநாள் பொம்மையின் கால் கழன்றபோது, ஓவியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், டேப் சுருளோடு வந்து நிற்கும். இடையில் காய்ச்சல் வந்தால் எல்லாம் பின்னோக்கிப் போகும், பிறகு திரும்பும்.

21. வீடு முழுக்கத் தாள்கள் குவிந்துவிட்டன. தூக்கிப் போடலாமா?

போடலாம். சுவரில் ஒட்ட ஒன்றிரண்டை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நமக்கு மிக அழகாகப்பட்டதை அவள் தொடக்கூட மாட்டாள், அது வேறு விஷயம். பின்பக்கம் வெற்றாக இருப்பவை மறுபடி வரைய உதவும். மற்றவற்றை அவள் தூங்கிய பிறகு அப்புறப்படுத்துங்கள். குப்பைக்கூடையின் மேலாகப் போட்டுவிடாதீர்கள், காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.